நீலக் கயிறு கட்டிய கதிரை

எங்கள் மேலதிகாரி சேருக்கு அமெரிக்காவில் இரண்டு குடும்பம் இருக்கிறது என்று கந்தோரில் பகிடி பண்ணுவார்கள். மூத்த குடும்பம் இரோக்குவா, இளைய குடும்பம் மேற்கு ஆபிரிக்கா. இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை. கொழும்பில் நடந்த ஏதோ ஒரு பயிற்சியில் அவருக்கு ஒரு கட்டுரையின் போட்டோப் பிரதி கிடைத்திருந்தது. அந்த நாட்டின் ஆதிகுடிகளான இரோக்குவா மக்கள் எப்படி வாழ்கிறார்கள், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரை. யாருக்கு என்ன தொழில், யார் வீட்டில் என்ன சாமான், யாருடைய பிள்ளை எந்த வகுப்பு வரை படித்தது என்று எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். சேர் அதை மேசை லாச்சியில் வைத்திருந்தார். தேத்தண்ணி நேரத்தில் வெளியே எடுப்பார். நாங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியேறுவோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் உயர்தரம் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்து அம்மாவின் வாயைக் கிளறிக்கொண்டிருந்த காலம். அந்தக் கந்தோரில் தற்காலிக வேலை கிடைத்தபோது, எனக்கு இருந்ததைவிட அம்மாவுக்குத்தான் அதிக நிம்மதி. அப்பா தபால் கந்தோர் உத்தியோகம். சொந்த ஊர் வடக்கு. நான் பிறந்து வளர்ந்தது மாத்தளை டவுனில். வடக்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் என் பேச்சைக் கேட்டு, தோட்டக்காட்டுப் பிள்ளை வந்திருக்கு என்று சிரிப்பார்கள். தோட்டத்துக்குப் போனால் யாழ்ப்பாணத்து மிஸ் வந்திருக்காங்க என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் கோபம் வரும். இரண்டு பக்கமும் சாப்பிடாமல் வந்ததில்லை.

அப்போதுதான் ஒரு தண்ணீர்த் திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவி. அந்த வருடம் ஓர் இடத்துக்குத்தான் குழாய் போடலாம் என்றார்கள். ஒன்று பல்லேகமப் பக்கம் ஒரு சிங்கள விவசாயக் கிராமம். மற்றது இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். இரண்டில் எது அதிகம் கஷ்டப்படுகிறதோ அதற்குக் குழாய். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு சேருடைய தலையில் விழுந்தது. அவருக்கு லொத்தர் விழுந்த சந்தோசம்.

“பாரும் பிள்ளை,” என்றார் என்னிடம். “இந்த மண்ணிலேயே பரம்பரையா இருந்த சனம் ஒரு பக்கம். இந்தியாவிலயிருந்து கடல் கடந்து வந்து குடியேறின சனம் மற்றப் பக்கம். அச்சொட்டா அந்தக் கட்டுரைதான்.”

“நீங்களும் நானும் எந்தப் பக்கம் சேர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நாங்கள் கணக்கெடுக்கிற பக்கம்,” என்றார்.

கேள்வித்தாளை அவரே எழுதினார். வீட்டில் உட்காரக் கதிரை உண்டா, அது சொந்தமா, பீங்கான் கோப்பை உண்டா, ரேடியோ உண்டா, தையல் மெஷின் உண்டா என்று அது போகும். கதிரைக்கு நிறையப் புள்ளி வைத்திருந்தார். கதிரை இருக்கிற வீட்டில் ஆறுதல் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலை. அதற்கு ஒரே ஒரு விதிதான் தந்தார். “சொல்லுறதை எழுதும். காணுறதை எழுதாதையும். கண்டதை எழுத வெளிக்கிட்டால் அது உம்முடைய அபிப்பிராயமாப் போயிடும்.”

முதலில் பல்லேகமப் பக்கம் போனேன். ரிவர்ஸ்டன் உச்சியில் பஸ்ஸுக்குள்ளேயே பனி ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கும். கிராமத்து முதல் வீட்டு வளவுக்குள் நான் கால் வைத்ததும், அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோ நடுப்பாட்டில் நின்றுபோனது. வீட்டுக்காரர் நரைத்த மீசைக்காரர், வயல் செய்பவர். “வாடி வென்ன, நோனா,” என்று உட்காரச் சொல்லிப் பாயை விரித்தார். கதிரை இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன். இல்லை. ரேடியோ? இல்லை. தையல் மெஷின்? அதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் மூலையில் பழைய சேலை ஒன்று எதையோ மூடிக்கிடந்தது. சேலைக்குக் கீழே தையல் மெஷினின் மிதிபலகை முழுசாகத் தெரிந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. முன்பு எப்போதோ யாரோ இப்படித்தான் வந்து சாமான்களைப் பார்த்துவிட்டுப் போய், உணவு நிவாரண முத்திரையை வெட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு, கையில் பைலோடு ஆள் வந்தால் ஊரே ஒரே நேரத்தில் ஏழையாகிவிடும். ஆனால் வீட்டுக்குவீடு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் தேத்தண்ணியும் வந்தன. புறப்படும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கையில் திணித்தார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே என்னை வயிறு முட்ட அனுப்பிய சனம் அது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வீட்டு வரி மதிக்க ஆள் வந்தால் அம்மா பிரிஜ்ஜுக்கு மேல் போர்வை போட்டு, அதற்கு மேல் சாமிப் படத்தையும் வைத்துவிடுவா. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அதே பிரிஜ், நாலு பேர் தூக்கி, முன் அறைக்கு வந்தது. பிளக் அடிக்க அங்கே இடமில்லை. வந்தவர்களுக்குச் சுடு சோடா கொடுத்தோம்.

இனித் தோட்டம். லயத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு. முதல் காம்பரா ஒரு அக்காவுடையது. கொழுந்தெடுப்பவர். போன ஐப்பசி மழையில், குடத்தோடு பீலிக்குப் போய்த் திரும்பும்போது சறுக்கி விழுந்திருக்கிறார். அந்த லயத்துக்கே அந்தப் பீலித் தண்ணீர்தான். பள்ளத்தில், பாறை இடுக்கிலிருந்து ஒரு மூங்கில் வழியாக ஒழுகும். விழுந்ததிலிருந்து அக்காவின் இடுப்பு நேராகவில்லை. பக்கவாட்டில்தான் நடப்பார். புருசனுக்கு நெஞ்சு வருத்தம், மகள் கொழும்பில் வீட்டு வேலை. ஆகவே காலையில் வேலைக்குப் போக முதலும், மாலையில் மலையிலிருந்து வந்த பிறகும், பக்கவாட்டில் நடந்தே அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவார். அந்தக் குழாய் யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அக்காவுக்கு வேண்டும்.

அவர் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப்போட்டார். பழைய மரக்கதிரை. கைபிடி தேய்ந்து பளபளத்தது. ஒரு கால் உடைந்து, நீல நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. ரோசாப்பூப் போட்ட பீங்கான் கோப்பையில் பால் விடாத சாயத்தண்ணி வந்தது. கதிரை உண்டு, சொந்தம். கோப்பை உண்டு. எழுதினேன்.

அடுத்த காம்பராவிலும் மரக்கதிரை. அதற்கும் நீலக் கயிறு. அடுத்ததிலும் அப்படியே. அந்தத் தோட்டத்தில் கதிரைக் காலுக்கு நீலக் கயிறு கட்டுவது ஒரு வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். உயர்தரம் படித்த மூளை. எல்லா வீட்டிலும் அதே ரோசாப்பூக் கோப்பை, எல்லாக் கோப்பையிலும் விளிம்பில் அதே இடத்தில் உடைவு. தோட்டத்துக் கடையில் உடைந்த சரக்கு லொட்டு ஒன்று மலிவாக வந்திருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். கடைசிக்கு முந்தின காம்பராவில் குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோதுதான் விசயம் வெளித்தது. உள்ளே கதிரையைக் காணோம். பின்கதவால் எட்டிப் பார்த்தேன். மரக்கறித் தோட்டத்து வரப்பில் ஒரு அம்மா கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைசிக் காம்பராவுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தங்கச்சி ஈரக் கோப்பையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடியது.

நான் நேரே அக்காவிடம் போனேன். அவர் ஒளிக்கவில்லை. முன்பு இருந்த கணக்கப்பிள்ளை மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன கதிரையாம். யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் அந்த வீட்டுக்குப் போகும்.

“அக்கா, நீங்க எல்லாரும் கதிரை சொந்தம்னு சொன்னா, வசதியான ஆளுங்கன்னு கணக்கு வரும். குழாய் பல்லேகமவுக்குப் போயிரும்,” என்றேன்.

“அதுக்காக வீடு தேடி வந்தவங்களைத் தரையில உக்கார வைக்கச் சொல்றீங்களா மிஸ்?”

“உக்கார வைங்க. ஆனா சொந்தமான்னு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. நான் திருத்தி எழுதிக்கிறேன்.”

அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “பரம்பரையா நம்மள ஒண்ணும் இல்லாதவங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க,” என்றார். “அத என் வாயால நான் சொல்லணுமா? தண்ணி வேணும் மிஸ். அதுக்காக அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு ரோசமா, இந்த இடுப்போடு என்று உள்ளுக்குள் திட்டினேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கோபம் எங்கேயோ இறங்கிப்போய், பிரிஜ்ஜுக்கு மேல் இருந்த சாமிப் படம்தான் ஞாபகம் வந்தது.

கந்தோரில் சேர் என் தாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் குதிக்காத குறை. குடியேறிய சனம் உழைப்பால் முந்திவிட்டது, பூர்வீகச் சனம் பிந்திவிட்டது. கட்டுரையில் இருப்பதைவிடத் திறமான வித்தியாசம் என்றார். கதிரை விசயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, நீங்களே ஒருதரம் வந்து பார்த்தால் நல்லது என்று சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் கண்டதைச் சொன்னதாகிவிடும். சேர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். சரி, போவோம் என்றார்.

போகிற வழியில், இரத்தோட்டைக்கு இந்தப் பக்கம், ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்த காலத்தில் வழக்கமான அடையாள அட்டைச் சோதனைதான். என் அட்டையில் பிறந்த இடம் மாத்தளை, போகச் சொல்லிவிட்டார்கள். சேருடையதில் யாழ்ப்பாணம். அவரை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். பஸ் போய்விட்டது. நானும் நின்றேன். ஆமிக்காரப் பொடியனுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டான். சேர் தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில் தண்ணீர்த் திட்டத்தைச் சொன்னார். பிறகு, கேட்காமலேயே இரோக்குவா பற்றியும் சொன்னார். நாங்கள் அங்கே அவ்வளவு நேரம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆனால் பகிடியை விடுங்கள். அப்பாவின் வயது மனிதர், பொக்கெற்றில் பேனையோடு, வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி, “அடுத்த பஸ்ஸில சனம் குறைவா இருக்கும் பிள்ளை,” என்றார்.

லயத்துக்கு ஏறிப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. அக்கா கதிரையைப் போட்டார். சேர் அதில் உட்கார்ந்து காலை நீட்டினார். ரோசாப்பூக் கோப்பையில் சாயத்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார், இரோக்குவா மக்கள் நீள நீளமான வீடுகளில் பல குடும்பமாக இருந்தவர்கள், கிட்டத்தட்ட உங்கள் லயம் மாதிரி என்று. அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவங்களுக்கு பைப்பு வந்துச்சாங்க சேர்?”

சேர் கோப்பையை மடியில் இறக்கினார். “அது... அதில போடேல்லை,” என்றார்.

அடுத்த காம்பராவுக்குப் போக நான் எழும்பினேன். சேர் எழும்பவில்லை. பின்கதவில் ஒரு தலை தெரிந்தது. கதிரைக்காகக் காத்திருந்த தலை. அதற்குப் பின்னால் இன்னொன்று.

“சேர், போவமா?”

“எனக்கு முழங்கால் பிடிச்சிட்டுது பிள்ளை. அவ்வளவு நேரம் நிண்டது. இனி எழும்ப ஏலாது. எல்லாரையும் இஞ்ச வரச்சொல்லும், நான் இதில இருந்தபடியே கேட்கிறன்.”

பின்கதவுத் தலைகள் மறைந்தன. வெளியே குசுகுசு என்று ஒரே பேச்சு. பிறகு ஒவ்வொருவராக வந்து சுவரோடு நின்றார்கள். இரண்டாம் காம்பரா அம்மாவிடம் சேர், வீட்டில் கதிரை இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா சேரைப் பார்த்தார். சேருக்குக் கீழே இருந்த கதிரையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். நீலக் கயிறு சேருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. சேர் அவசரப்படவில்லை. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

அக்காதான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை, சேரையும் பார்க்கவில்லை.

“நீங்க உக்காந்திருக்கிறதுதாங்க சேர் எங்க லயத்துக் கதிரை. நீங்க குடிக்கிறதுதான் எங்க லயத்துக் கோப்பை. எங்க யாருக்கும் சொந்தமா கதிரை இல்லை.”

“ஓம்,” என்றார் சேர். “எழுதும் பிள்ளை. இல்லை.”

நான் எழுதினேன். ஒவ்வொரு காம்பராவுக்கும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கண்ணைத் துடைத்தாரா, புகையா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்குச் சேர் மேலேயும் கோபம், கேள்வித்தாள் மேலேயும் கோபம், என் பேனை மேலேயும் கோபம்.

எழும்ப முடியாத சேரை நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து றோட்டு வரை இறக்கினோம். இரத்தோட்டையில் பஸ் மாறும்போது மாத்தளை பஸ் புறப்படத் தயாராக நின்றது. சேர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். சும்மா ஓட்டமில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையனை முந்தி, ஜன்னலோர சீற் பிடித்து, எனக்கு இடம் பிடிக்கப் பக்கத்து சீற்றில் கைலேஞ்சியையும் போட்டுவிட்டார்.

“சேர், முழங்கால்?” என்றேன்.

“இப்ப கொஞ்சம் சுகம்,” என்றார். மாத்தளை வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

குழாய் லயத்துக்கு வந்தது. பல்லேகமப் பக்கத்துக்கு அடுத்த வருடம் ஒரு குழாய்க் கிணறு கிடைத்தது. அங்கே யாரும் கொதித்துப் போகவில்லை, தையல் மெஷினும் வெளியே வந்திருக்கும். சேருக்கு மாற்றம் வந்தது. அவரே கேட்டு வாங்கிய மாற்றம், யாழ்ப்பாணத்து ஊருக்கே. பிள்ளைகளைப் பார்த்து வருடக்கணக்காகிறது என்றார். கட்டுரையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். நான் அதை வாசிக்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வேறு வேலையாக ரிவர்ஸ்டன் பக்கம் போனபோது, லயத்துக்குக் கீழே றோட்டில் அக்கா என்னைக் கண்டுவிட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிப்போனார். வாசலில் குழாய். பக்கத்தில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. அக்கா இப்போதும் பக்கவாட்டில்தான் நடந்தார். ஆனால் குடத்தோடு பத்தடி நடந்தால் போதும்.

உள்ளே, காம்பராவின் நடுவில், ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. இரத்தோட்டையில் வாங்கி பஸ் மேல் தட்டில் போட்டுக்கொண்டு வந்ததாம். கடையில் சுற்றிக்கொடுத்த பொலித்தீனைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“உக்காருங்க மிஸ்.”

உட்கார்ந்தேன். பொலித்தீன் சரசரத்தது. அக்கா எதிரே பலகைக்கட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எழுதுங்க,” என்றார்.

“என்னத்தக்கா?”

“கதிரை உண்டான்னு கேட்டீங்கல்ல. எழுதுங்க.”

அந்தக் கணக்கெடுப்பு முடிஞ்சு போச்சு அக்கா, தாளெல்லாம் கொழும்புக்குப் போயிருச்சு என்றேன். அவர் அசையவில்லை. “அன்னைக்கி இல்லைன்னு மட்டும் எழுதத் தெரிஞ்சிச்சு?” என்றார்.

கைப்பையில் தாள் இல்லை. பஸ் டிக்கெற் இருந்தது. அதன் பின்பக்கத்தில், மடியில் வைத்து, கதிரை உண்டு, சொந்தம் என்று எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகுதான் சாயத்தண்ணி போட எழும்பினார். அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்து, “சேர்கிட்டயும் மறக்காம சொல்லிருங்க மிஸ்,” என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவருடைய ஊருக்குக் கடிதம் போட்டேன். அந்த நாட்களில் அந்தப் பக்கம் தபால் போவதும் ஒன்று, போகாததும் ஒன்று. ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பிறகு ஒருதரம் போட்டேன். அது திரும்பியும் வரவில்லை. யுத்தத்தால் அடைத்திருந்த பாதை திறந்த பிறகு விசாரித்துப் பார்த்தேன். அவர் வீடு இருந்த ஒழுங்கையில் அவர்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை.

ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர், அக்கா வீட்டில் கதிரை இருக்கிறது. சொந்தம்.